தொண்ணூற்றேழு பெட்டியும் வகுத்தல் கிராணியும்

பினாங்கில் என் இளமையைக் கெடுத்தவர் ஒரே ஒருவர்தான். சூதாட்டக்காரர் இல்லை, கள்ளுக்கடைக்காரர் இல்லை. வகுத்தல் கிராணி!

ரிக்ஷாவை மனிதர்கள் ஓடி இழுத்த காலம் அது. கடற்கரையோரம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் அவர் எழுத்துவேலை பார்த்தார். அடுத்த மேசை என் தலைவிதி. அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எந்த எண்ணைக் கண்டாலும் எதெதால் மிச்சமில்லாமல் வகுபடும் என்று பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண் என்றால், தன்னைக் கேட்காமல் பிறந்துவிட்ட மாதிரி சீறுவார்.

காப்பிக்கடையில் பதின்மூன்று வடை வந்தால் தட்டையே திருப்பி அனுப்புவார். "பன்னெண்டு கொண்டா லா! ரெண்டு பேரு, மூணு பேரு, நாலு பேரு, ஆறு பேரு, யாரு வந்தாலும் சண்டையில்லாமத் தின்னலாம்."

வடையோடு விட்டாரா? மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் எனக்குப் பெண் கொடுக்க இருந்தவரை மறித்து, "மாப்பிள்ளைக்கு வயசு இருபத்து மூணு. எதாலயும் வகுபடாத வயசு. இருபத்து நாலு ஆகட்டும், எத்தனை வழி இருக்கு பாருங்க!" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதரும் தலையாட்டிக் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப்போட்டார். நான் வகுத்தல் கிராணியிடம் நியாயம் கேட்கப் போனபோது, "நல்லது செஞ்சா கோவம் வருதா தம்பி?" என்று என் மீதே பாய்ந்தார். அந்த ஒரு வருஷத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்?

அப்புறம் வந்தது தேயிலைப் பெட்டி விவகாரம். கப்பல் சீட்டில் தொண்ணூற்றேழு பெட்டி. கிட்டங்கியில் இருந்தது தொண்ணூற்றொன்று. ஆறைத் திருடியது சுமை தூக்கும் மாரிமுத்துதான் என்று, எங்களுக்கெல்லாம் மேலே இருந்த பெரிய கிராணி, வெள்ளைக்கார முதலாளியான துரையிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். மாரிமுத்துவுக்கு மூன்று பிள்ளைகள். வேலையும் போய், போலீசும் வரும் என்ற நிலை. நாங்கள் எல்லோரும் கணக்குப் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டோம். நானுந்தான்.

வகுத்தல் கிராணி மட்டும் எழுந்தார். "பெரியவரே, பெட்டி வந்தப்ப நீங்க எண்ணினீங்களா?"

"என் கண்ணால பார்த்தேன்யா! தரையில ஒரே தட்டு, எல்லா வரிசையும் சமம். ஒரு பெட்டிகூடத் துருத்திக்கிட்டு நிக்கல. தொண்ணூத்தேழு!"

"பொய்!" துரையின் மேசை அதிர்ந்தது. வகுத்தல் கிராணி தீக்குச்சிகளைக் கொட்டி, தொண்ணூற்றேழு எண்ணிப் பெரிய கிராணி முன்னால் தள்ளினார். "சமமா அடுக்குங்க பார்ப்போம்."

பெரிய கிராணி அடுக்கினார். இரண்டிரண்டாக வைத்தால் ஒன்று மிச்சம். மூன்று மூன்றாக வைத்தாலும் ஒன்று. ஐந்தைந்தாக வைத்தால் இரண்டு. அவருடைய வியர்வை குச்சிகளை நனைத்தது. துரை சுருட்டை மறந்து குனிந்து பார்த்தார். ஏழேழாக வைத்தபோது பதின்மூன்று வரிசை வந்து, ஆறு குச்சி வெளியே நின்றது.

"போதும்! பதினொண்ணைப் பதினொண்ணால பெருக்கினாலே நூத்தி இருபத்தொண்ணு, தொண்ணூத்தேழைத் தாண்டிடுது. அதனால ஏழுக்கு மேல எந்தப் பகா எண்ணையும் பார்க்க வேண்டாம். தொண்ணூத்தேழைச் சமமா அடுக்கவே முடியாது. தொண்ணூத்தொண்ணுன்னா ஏழு பதிமூணு, அச்சா உக்காரும். நீங்க பார்த்தது அதைத்தான். எண்ணாமலே சீட்டைப் பார்த்துத் தொண்ணூத்தேழுன்னு எழுதிட்டீங்க. அந்த ஆறு பெட்டி இங்க வரவே இல்ல!"

துரை ஆளனுப்பினார். கப்பலிலிருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்த தொங்கான் படகில், தார்ப்பாய்க்குக் கீழே ஆறு பெட்டியும் இருந்தன. மாரிமுத்து அழுதுகொண்டே காலில் விழப் போனான். "எழுந்திரு! உன்னையா நம்பினேன்? கணக்கைத்தான் நம்பினேன்!" என்று அவனையும் திட்டினார். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

இவ்வளவுக்கும் பலன் என்ன? பெரிய கிராணி அதே நாற்காலியில் இருந்தார். வகுத்தல் கிராணியை ஒரே மாதத்தில் அக்கரைக்கு, பாகான் டாலாம் பக்கம் இருந்த சின்னக் கிட்டங்கிக்கு மாற்றினார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அவர் போனபின் நான் ஞாயிறுதோறும் ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போவேன். அவரிடம் வயிறாரத் திட்டு வாங்கிக்கொண்டு, சாயங்காலம் நிம்மதியாகத் திரும்பி வருவேன்.