கூசி விதையும் உர்ப்போ அண்ணனின் புழு டப்பாக்களும்

மரியாதைக்குரிய ஏவெர்த்தி மாமாவுக்கு ஓனெர்வா எழுதுவது. உங்கள் முழங்காலும் படகு மோட்டாரும் முனகாமல் ஓடுகின்றன என்று நம்புகிறேன். இங்கே நான் சௌகரியம். கொசுக்கள் என்னைவிடச் சௌகரியம்.

நீங்கள் வைத்த பந்தயம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வனக் கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவளிடம், "ஜூஹன்னுஸ் பண்டிகைக்கு நான் வரும்போது விதையில முளைச்ச கூசி மரக் கன்னு உயிரோட இருந்தா பின்வயல் உனக்கு, நாற்றுப்பண்ணை வச்சுக்க. இல்லேன்னா அதை விலைக்குக் கேக்குற சரளைக்காரன் கல்லுக்குத் தோண்டிக்கட்டும், நீ காலேஜுக்குத் திரும்பிப் போ" என்றீர்கள். நடுக்கோடையும் பண்டிகையும் வாசலுக்கு வந்துவிட்டன. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு உர்ப்போ அண்ணன் வாயால் கேட்டால் அதில் நான் இன்னும் பெரிய முட்டாளாக இருப்பேன்.

குளிர்காலக் கடைசியில் வடக்குச் சரிவில் ஏறி, எந்தக் குளிருக்கும் அசையாத அந்த ஊசியிலைக் கிழட்டுக் கூசி மரங்களிலிருந்து கூம்புகள் பறித்து வந்தேன், அவை விரிந்து விதை உதிர இளஞ்சூடு போதும் என்று தெரிந்தும் பொறுமையில்லாமல் சௌனாக் குளியலறையின் அடுப்பை முழுசாக மூட்டினேன், முதல் கூடை வறுகடலை ஆயிற்று. இரண்டாவது கூடை பிழைத்தது. அந்த விதையை ஈர மணலில் கலந்து, கொஞ்ச நாள் குளிரில் தூங்கட்டும் என்று ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, மேலே பெரிதாகக் 'கூசி' என்று எழுதினேன். அங்கேதான் வந்தது வினை. அந்த ஃப்ரிட்ஜில் உர்ப்போ அண்ணனும் பாதி குடியிருக்கிறார், அவருடையது செத்ததிலிருந்து தூண்டில் புழுவெல்லாம் நம்மிடம்தான், ஒவ்வொரு டப்பாவிலும் ஒன்று, இரண்டு என்று எழுத்தாலேயே எழுதி ஐந்து வரை அடுக்கியிருக்கிறார். நம்ம பாஷையில மரத்துக்கும் கூசிதான், ஆறுங்கிற எண்ணுக்கும் கூசிதான். நான் எழுதினது மரம். அவர் படிச்சது ஆறாவது டப்பா.

நான் கடையிலிருந்து வந்தப்போ படியில நிக்கிறார்.

"ஏம்மா, ஆறாவதுல ஒரு புழுகூட இல்லையே. எல்லாம் செத்து மண்ணாப் போச்சு போல."

"அண்ணே, டப்பா எங்க?"

"கழுவி வச்சிட்டேன்."

"மணலு?"

"சௌனாவுக்குப் போற பாதை கண்ணாடி மாதிரி வழுக்குது. நீ விழுந்து வைப்பேன்னு தூவி விட்டேன். நன்றியெல்லாம் வேணாம், ஒரு காபி போடு."

காபி போட்டேன். வேற என்ன பண்றது. அப்புறம் பாதையைக் கூட்டினேன், பனியும் நாய் முடியும்தான் வந்தது. கோட்டுப் பையில ஒட்டிக்கிடந்த கொஞ்ச விதையைப் பால் அட்டைப்பெட்டியில போட்டேன், அது முளைச்சது, முளைச்ச சந்தோஷத்துல தண்ணியை ஊத்து ஊத்துன்னு ஊத்தினேன், அத்தனையும் கழுத்தழுகிச் சாஞ்சிருச்சு. "சூப்பா வைக்கிற?"ன்னு கேட்டார் அண்ணன்.

போன வாரம் சௌனாவுக்கு விறகு தூக்கிட்டுப் போறேன், காலடியில பச்சையா என்னமோ. குனிஞ்சு பாத்தா பாதை நெடுக, விதைத் தோலைத் தொப்பியா மாட்டிக்கிட்டு, ஊசி ஊசியாக் கூசிக் கன்னுங்க. குளிர் வேணும்னு நான் ஃப்ரிட்ஜைத் தேடினேன், பாதையிலயே அது இலவசமாக் கிடைச்சிருக்கு. அன்னியிலிருந்து உர்ப்போ அண்ணன் "நான் விதைச்சது"ன்னு ஊரெல்லாம் சொல்றார். ஆனா சுத்திக் கயிறு கட்டினதும் அவர்தான். செந்தட்டிச் செடிக்குள்ள புகுந்துதான் இப்போ சௌனாவுக்குப் போறார், கால் பூரா தடிப்பு.

"பாதை ஓரமா நடக்கலாமில்ல?"ன்னேன்.

"ஓரத்துலதான் ரெண்டு நோஞ்சான் நிக்குதே, கண்ணு தெரியலையா ஒனக்கு."

ஆக, உயிரோட இருக்கு மாமா. யார் விதைக்கணும்னு பந்தயத்துல பேச்சே இல்ல. பின்வயல் கிடைச்சாத்தான் இதுங்களுக்குப் போக இடம். பாதையில கன்னை மிதிக்காம நீங்க ஏரிப்பக்கமா வந்திருங்க.

உங்கள் அடுப்பில் சூடும் வலையில் மீனும் குறையாமல் இருக்கட்டும். அத்தைக்கு என் அன்பு.

உங்கள்
ஓனெர்வா

பி.கு.: இதை ஒட்டும் முன் பின்வயலை அளக்கப் போனேன். நீங்க தர்ற வரைக்கும் அங்க கால் வைக்கிறதில்லைன்னு ரோஷமா இருந்தேன், இன்னிக்குத்தான் முதல் தடவை. நீங்க புல் வெட்டுறதை விட்டதிலிருந்து யாருமே எட்டிப் பாக்கல போல. புல்லை விலக்கினா முழங்கால் உயரத்துக்குக் கூசிக் கன்னுங்க, வயல் முழுக்க. யாரும் பறிக்கல, வறுக்கல, டப்பாவுல அடைக்கல, காத்து கொண்டுவந்து போட்டிருக்கு. மேலே எழுதினதையெல்லாம் மறந்திருங்க. நாற்றுப்பண்ணை எப்பவோ ஆரம்பிச்சாச்சு, எனக்குத்தான் சொல்லல. வரும்போது ரெண்டு மண்வெட்டி கொண்டுவாங்க. சரளைக்காரர்கிட்ட நீங்களே பேசிருங்க, நான் பேசினா மரியாதையா இருக்காது.