மணிக்கூட்டுக் காக்காவின் இரண்டு மணித்தியாலம்

2023 ஜனவரி 7, சனிக்கிழமை. நாலே முக்காலுக்கு எழும்பினேன். சுபஹுத் தொழுகை, இஞ்சி போட்ட தேத்தண்ணி, முற்றம் கூட்டல், கோழிக்கூடு திறத்தல். ஒன்பதரைக்கு அலுமாரியின் இரண்டாம் தட்டைத் துப்புரவு செய்யத் தொடங்கினேன். சரியாகப் பத்து மணிக்கு மதிலுக்கு அப்பால் ஒரு அலாரம் அடித்தது. முதலில் ஒரு இருமல், பிறகு மணி. உலகத்தில் அப்படி இருமிவிட்டு அடிக்கும் மணிக்கூடு ஒன்றுதான் உண்டு. அது என்னுடையது. திருத்தக் கொடுத்து மூன்று வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தது.

மதிலுக்கு அப்பால் மணிக்கூட்டுக் காக்காவின் வீடு; மூத்த அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். கல்முனைக் கரையில், அவரிடம் கொடுத்த சாமானைச் சொன்ன நாளில் திரும்ப வாங்கிய மனிதர் இன்னும் பிறக்கவில்லை. "நாளைக்கு வாங்க தம்பி" என்பார். அந்த நாளை எந்தக் கலண்டரிலும் கிடையாது. தன் கலியாணக் கைக்கடிகாரத்தைக் கொடுத்த ஒருவர், அதை மகனின் கலியாணத்துக்குத்தான் கட்டிக்கொண்டு போனார். பள்ளிவாசல் கடிகாரத்தை மட்டும் யாரும் அவரிடம் கொடுப்பதில்லை. ஊர் நோன்பு திறக்க வேண்டுமே.

போய்ப் பார்த்தேன். வீட்டு முன்னறைதான் அவருடைய கடை. மேசையில் எட்டு அலாரம் மணிக்கூடுகள், எட்டும் ஓடிக்கொண்டிருந்தன. நடுவே, திருத்த வேலைக்கு வைத்திருக்கும் விளக்கின் கீழே, பிஸ்கட் தகரத்துக்குள் மூன்று நாய்க்குட்டிகள். காக்கா ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகி, கையில் ஊசி இல்லாத சிரிஞ்சோடு இருந்தார்.

"என்ட மணிக்கூடு ஓடுது போல," என்றேன்.

"ஓம் தம்பி. ஒரே நாளில எட்டையும் திருத்திப்போட்டன்."

"மூணு வருஷமா ஏலாத வேலை?"

"அப்ப அவசரம் இருக்கல்ல."

குட்டிகளின் தாயான தெருநாயைச் செவ்வாய்க்கிழமை ஒரு ஆட்டோ அடித்திருந்தது. பின்வளவில் கட்டோடு சாக்கில் படுத்திருந்தது. உயிர் தப்பியது, பால் வற்றிவிட்டது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் பருக்கச் சொன்னாராம் மிருக வைத்தியர். முதல் நாள் காக்கா பிள்ளையை ஏந்துவதுபோல் மல்லாக்கப் பிடித்திருக்கிறார். பால் மூக்கால் வந்து, வைத்தியரிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறார்.

அவர் மனைவியை நான் ராத்தா என்பேன். கதவு நிலையில் நின்றார்.

"தம்பி, நீங்க கணக்கில கெட்டிக்காரன். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஏழு தரம் கழுவினா, ஒரு நாளைக்கு எத்தின?"

"எண்பத்து நாலு, ராத்தா."

"அந்தக் கையைப் பாருங்க. அவிச்ச மரவள்ளிக்கிழங்கு."

நாயின் எச்சில் பட்டால் எங்களுக்கு ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. கடற்கரை மணலில் புழுதி இல்லை, அது சரிவராது என்பது காக்காவின் கட்சி. அதனால் சம்மாந்துறை வயல் வரம்பிலிருந்து ஒரு பை மண் எடுப்பித்திருந்தார். ராத்தாவின் தீர்ப்பும் அந்தப் பையில்தான் தொங்கியது.

"மண் முடியுற வரைக்கும்தான். மறுகா குட்டி வெளிய."

பைக்குள் கையை விட்டு அளந்தேன். நாலு விரல் உயரம் இருந்தது. நாளைப் பகல் தாண்டாது.

"கையுறை போடுங்களன் காக்கா."

"போட்டா, பால் தொண்டையால இறங்கிறது விரலுக்குத் தெரியாது."

கடைக்குட்டி காலையிலிருந்து ஒரு சொட்டும் விழுங்கவில்லை. பேச்சிலேயே பன்னிரண்டாகி, மேசையில் இன்னொரு அலாரம் அடித்தது. "இதைக் கொஞ்சம் பிடிங்க," என்றார். ஐம்பத்திரண்டு வயதுவரை நான் நாயைத் தொட்டவனல்லன். சட்டைக்கையை மூன்று மடிப்பு மடித்து வாங்கினேன். ஈரத் துணி மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

"குளிரோட குடிக்காது. சூடாக்குங்க."

பத்து நிமிடம் விளக்கின் கீழே உள்ளங்கையில் வைத்திருந்தேன். பிறகு காக்கா அதைக் குப்புறப் பிடிக்கச் சொல்லி, வெதுவெதுப்பான ஆட்டுப்பாலை ஒரு துளி நாக்கில் விட்டார். வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவதுக்கு நாக்கு ஓரமாகச் சுருண்டது. காக்கா பூதக்கண்ணாடியோடு குனிந்தார். என் விரலின் கீழே ஏதோ சின்னதாக அசைந்து இறங்கியது.

"குடிக்கிறான்," என்றேன்.

"சத்தம் போடாதீங்க. எண்ணுங்க."

இருபத்தாறு துளி. ராத்தா கதவு நிலையை விட்டு எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை, தகரத்துத் துணியை மாற்றிக்கொண்டிருந்தார்.

கிணற்றடியில் இருவரும் கை கழுவினோம். முடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தேன்.

"ஆறு," என்றார் காக்கா.

மூன்று வருடத்தை எண்ணாத மனிதர் என் ஒரு தரத்தை விடவில்லை. கழுவினேன்.

வெளிக்கிடும்போது என் மணிக்கூட்டைத் தூக்கி நீட்டினார். "கொண்டு போங்க தம்பி. எனக்கு இன்னும் ஏழு கிடக்கு."

"நாளைக்கு வாறன் காக்கா," என்றேன்.

மறுநாள் ஞாயிறு. சுபஹு தொழுதவுடன், தேத்தண்ணிக்கும் முன்னால், மோட்டார் சைக்கிளில் சம்மாந்துறைக்குப் போய் மச்சானின் வரம்பில் ஒரு உரப்பை நிறைய மண் வெட்டினேன். அதைக் காக்காவின் கிணற்றடியில் இறக்கும்போது ஆறு மணி. உள்ளே, இந்த முறை ஆறுக்கு முள் வைத்திருந்த என் மணிக்கூடு இருமியது.