ஊர் கூடி இழுத்த கார்

ஊறுகாய் ஜாடியின் மூடி இறுகிக்கொண்டால் எங்கள் வீட்டில் அதை யாரும் என்னிடம் கொடுப்பதில்லை. "வேணாம் சாமி, இவன் ஊரக் கூட்டிருவான்" என்பார்கள். நான் கோபித்துக்கொள்வதும் இல்லை. கோபித்துக்கொள்கிற தகுதியை ஒரு புதன்கிழமை, கோட்டைக்குப்பத்து மணலில் தொலைத்துவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. டீசல் மெக்கானிக் படிப்பு முடித்திருந்தேன். பத்துப் படகு இன்ஜின்களைப் பிரித்து அதில் எட்டைத் திரும்பப் பூட்டியவன் என்ற பெருமை வேறு. (மீதி இரண்டைப் பற்றி இப்போது எதற்கு?)

நைனாவிடம் ஒரு கார் இருந்தது. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கார் என்றால் பழைய காலத்துக் குட்டிக் கார், நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆளின் பெருமூச்சுக்குக்கூட இடமிருக்காது. ஊரைவிட்டுப் போன இறால் வியாபாரி ஒருவர் "வச்சுக்கய்யா" என்று கொடுத்துவிட்டுப் போனது. நைனாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் பராமரிக்கத் தெரியும் என்று நம்பினார். வருடா வருடம் தன் மரப்படகுக்குத் தார் பூசுகிற அன்றைக்கே, மிச்சத் தாரை எடுத்துக் காருக்கு அடியிலும் பூசிவிடுவார். உப்புக்காற்று இரும்பைத் தின்னாமல் இருக்குமாம். இப்படிப் பத்து வருடத் தார்.

அக்கா கஸ்தூரி, சுண்ணாம்புக்குளத்தில் நெல் விவசாயம் பண்ணுகிற வீட்டுப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். நைனா கல்யாணத்துக்குப் போகவில்லை. மூன்று வருடம் பேச்சே கிடையாது. பேரன் பிறந்ததும் மனுஷன் இளக ஆரம்பித்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவள்தான் சொல்லி அனுப்பினாள்: "வெள்ளிக்கிழம புள்ளைக்குக் காது குத்துறோம். தம்பி மடியிலதான் குந்த வைக்கணும். நைனாவும் வரட்டும்."

நைனா என்னைக் கூப்பிட்டார். "போலாம்டா. ஆனா பஸ்ஸுல போயி, மீன்கூடை மாதிரி எறங்க மாட்டேன். அவுங்க வூட்டு வாசல்ல என் கார்லதான் போயி நிப்பேன். உன்னால அத்த ஓட வைக்க முடியுமா?"

"இன்னா நைனா இப்படிக் கேட்டுட்ட? வியாழக்கிழமையே ரெடி."

இன்ஜினை எப்படியோ உயிர்ப்பித்துவிட்டேன். ஆனால் முன்பக்க ஸ்பிரிங் பட்டை ஒன்று உடைந்திருந்தது. மாற்றுப் பட்டையும் கிடைத்துவிட்டது. பழையதைக் கழற்ற, அதன் முனையைக் காரின் சட்டத்தோடு கோத்திருக்கிற இரும்புப் பின்னை உருவ வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்தப் பின் அசைந்தால்தானே! இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றினேன், சம்மட்டியால் அடித்தேன், கெஞ்சினேன், திட்டினேன். விஷயம் கேள்விப்பட்டுப் பொன்னேரி மெக்கானிக் ஒருவர் ஆளனுப்பிச் சொன்னார்: "அவசரப்படாத. ஒரு நாள் பொறு, நானே வந்து பார்க்கிறேன்." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரன் வந்து என் நைனாவின் காரைக் கழற்றுவதா?

எங்கள் குப்பத்தில் எது சிக்கினாலும் வைத்தியம் ஒன்றுதான். படகு மணலில் புதைந்தாலும், வலை அடியில் மாட்டினாலும், கயிற்றைக் கட்டு, ஆளைக் கூப்பிடு, இழு. அம்மாவின் தம்பி ஏகாம்பரம் மாமா குனிந்து பின்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இத்தினிக்கூண்டு இரும்புக்கா இவ்ளோ பேஜாரு? பாறையில மாட்டுன நங்கூரத்தையே இஸ்துகினு வந்தவங்கடா நாம!"

காரை ஒரு பக்கம் தென்னை மரத்தில் கட்டினோம். மறுபக்கம் பின்னின் தலையில் படகுக் கயிறு. இருபது பேர் வரிசையாக நின்றார்கள். வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டையை நைனா புதன்கிழமையே போட்டுக்கொண்டு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏலேலோ... ஐலசா!"

முதல் இழுப்பில் தென்னை மரம் முனகியது. இரண்டாவதில் கார் முனகியது. மூன்றாவதில் 'படார்' என்று ஒரு சத்தம். இருபது பேரும் மல்லாந்து விழுந்தார்கள். மாமா எழுந்திருக்காமலே கத்தினார்: "வந்துச்சுடா!"

வந்தது உண்மைதான். பின்னோடு ஸ்பிரிங் வந்தது, ஸ்பிரிங்கோடு காரின் சட்டத்தில் பாதியும் வந்தது. பின் மட்டும், உள்ளுக்குள் துருப்பிடித்திருந்த அந்தச் சட்டத்துண்டில் அப்படியே, அசையாமல் இருந்தது. கார் முழங்கால் மடங்கிய மாடு போல மூக்கை மணலில் குத்திக்கொண்டு படுத்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. நைனா எழுந்து வந்து, கவிழ்ந்த முகப்பைத் தடவிப் பார்த்தார்.

"வுடு. கெட்டியான சாமான்" என்றார். பிறகு சட்டையைக் கழற்றி மடித்து அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மா கெஞ்சினாள். "பஸ்ஸுல போனா இன்னாயா? பொண்ணு பாத்துகினு இருப்பா." நைனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா தனியாகத்தான் போனாள். நான்? வெட்கத்தில் நானும் போகவில்லை. என் மருமகன் யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டான். வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் அக்கா எட்டி எட்டிப் பார்த்தாள் என்று அம்மா வந்து சொன்னாள். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மழைக்காலம் வந்தது. நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் நைனா போய்விட்டார். அக்கா வந்தாள், கைக்குழந்தையோடு, பஸ்ஸில்.

காரியம் முடிந்த அன்றைக்கு, சும்மா இருக்க முடியாமல் அந்தச் சட்டத்துண்டை எடுத்துத் தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சுரண்டச் சுரண்ட, பின்னுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் பருமனில் ஒரு போல்ட் தெரிந்தது. பின் நழுவாமல் பூட்டி வைக்கிற போல்ட். படிக்கும்போது வாத்தியார் படித்துப் படித்துச் சொன்னது: முதலில் அதைக் கழற்று, அப்புறம் பின்னைத் தொடு. ஸ்பானரைப் போட்டேன். தாருக்குள் இருந்ததால் துளி துருவில்லை. இரண்டு சுற்றில் கையோடு வந்துவிட்டது. பின்னைச் சுத்தியலால் தட்டினேன், அதுவும் வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது.

அக்கா பார்த்துக்கொண்டே நின்றிருந்தாள். "இத்தக் கய்ட்டிருந்தா போதுமாடா?"

"போதும்கா."

"நைனா பூசுன தாரா?"

"ஆமாக்கா."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். எப்போது அழுகையாக மாறியது என்று இருவருக்கும் தெரியாது. "நடந்து வந்திருந்தாக்கூட எனக்குப் போதும்டா" என்றாள்.

காரை அப்படியே விட்டுவிட்டோம். எங்கள் ஊர்ப்பக்கம் இருக்கிற பழைய டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள் சிலர் எங்கள் தெருவழியே போகும்போது, இதுவும் டச்சுக்காரர்கள் விட்டுப்போனதா என்று கேட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊறுகாய் ஜாடிப் பேச்சு அன்றிலிருந்து தொடங்கியதுதான். வீட்டில் யாராவது முறைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால், அக்கா "போயி தாரச் சொரண்டுங்கடா" என்பாள். உடனே எல்லோரும் சிரித்துவிடுவோம்.

காது குத்திக்கொண்ட அந்தப் பயலுக்கு இப்போது இருபத்தாறு வயது. போன மாதம் அவன், எங்களுக்கெல்லாம் பிடிக்காத இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு திருவள்ளூரில் போய்க் குடியேறிவிட்டான். மூன்று வாரம் அக்கா யாரிடமும் பேசவில்லை. நேற்றுக் காலையில் போன் பண்ணினாள்.

"தம்பி, கெளம்பு. திருவள்ளூர் போவணும்."

"சரிக்கா. கார் ஒண்ணு பேசட்டுமா?"

"கார்னு சொன்ன, செருப்பு பிஞ்சிரும்" என்றாள். "வர்ற பஸ்ஸுல ஏறுடா."