எங்கள் வீட்டுக் குளியல் தொட்டி குறித்து

அன்புத் தம்பி ஹத்தூவுக்கு, அண்ணன் பாஸ்ஸூ, அஸ்ரூ மலையூரிலிருந்து எழுதிக்கொள்வது.

லியோன் நகரத்தில் நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவது மரியாதை. ஆயுள் முழுக்கத் தபால் நிலையத்தில் பிறர் மரியாதைகளுக்கு முத்திரை குத்தியவன் என்பதால் அதையும் எழுதிவிட்டேன். உண்மையில் நான் குளித்துப் பல நாளாகிறது.

காரணம் உன் அருமை அண்ணன் மகள் தூதா. மற்ற வீட்டுப் பெண்கள் படித்துவிட்டு மருந்துக்கடை வைக்கிறார்கள்; இவள் டாக்டர் பட்டம் வாங்கித் தவளை பின்னால் போகிறாள். காலநிலை மாற மாறத் தவளைகள் எப்படி அழிகின்றன என்பது ஆராய்ச்சி. நம் மேட்டுக் குளத்தில் முன்புபோல் பனி தங்குவதில்லை, தலைப்பிரட்டைக்குக் கால் முளைப்பதற்குள் தண்ணீர் வற்றிவிடுகிறது. இதை அவள் பல்கலைக்கழகத்தில் சொன்னாள், அதிகாரிகளிடம் சொன்னாள், போன இடமெல்லாம் புதினாத் தேநீர் கொடுத்துக் கைதட்டி அனுப்பினார்கள், அதே வாரம் ஆப்பிள் தோட்டக்காரர்கள் குளத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். இந்த வசந்தத்தில் குளம் சேறானதும், அதில் துடித்துக்கொண்டிருந்த கடைசித் தலைப்பிரட்டைகளை வாளியில் அள்ளிவந்து, நீ ஆசையாக அனுப்பிய குளியல் தொட்டியில் விட்டாள்.

"மழை வர்ற வரைக்குந்தாம்ப்பா. குளம் நெறைஞ்சதும் கொண்டுபோய் விட்டுடுவேன்."

"அதுவரைக்கும் நான் எங்கம்மா குளிக்கிறது?"

"ஹம்மாமுக்குப் போங்கப்பா."

தண்ணீர்ப் பஞ்சம் என்று அந்தப் பொதுக் குளியல்கூடத்தை வாரத்தில் பாதி நாள் மூடச் சொல்லி உத்தரவு. திறந்த நாளில் ஊரே உள்ளே இருக்கிறது. முதுகு தேய்ப்பவன் என்னைக் கண்டதும், "என்ன போஸ்ட்மாஸ்டரே, பேரப்பிள்ளைகளுக்கு வால் விழுந்துச்சா?" என்கிறான். தூதாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதை ஊர் இப்படித்தான் எனக்கு ஞாபகப்படுத்துகிறது.

இதையும் பொறுத்தேன். போன வியாழக்கிழமை தாகுஞ்சா ஊர்வலம் வந்தது. லியோனில் நீ மறந்திருப்பாய்: மழை பொய்த்தால் நம் பெண்கள் மர அகப்பைக்குப் பட்டு உடுத்தி, மணப்பெண்ணாக்கி, பாடிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். அவள்மேல் மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றாத வீடு, ஊரின் மழையைத் தடுத்த வீடு. எங்கள் குழாயோ காற்றை மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. தூதா தலைநகர் ராபாத்துக்குப் போயிருந்தாள், இன்னொரு தேநீருக்கு. வாசலில் பக்கத்து வீட்டு இஸ்ஸா தொண்டையைத் திறந்தாள்.

"ஏ ஈத்தோ! உன் மக தவளைக்கு இருக்கிற தண்ணி எங்க பொண்ணுக்கு இல்லையா?"

என் மனைவிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேராகப் போய்த் தொட்டியில் வாளியை முக்கினாள்.

"அடியே, குட்டிங்கடி!"

"மழை பெஞ்சா ஆயிரம் தவளை வரும். சும்மா நின்னு பேசாம ஒரு கை பிடிங்க."

வாளி கனமாக இருந்தது, படியில் நானும் தூக்கினேன். தொட்டியின் அடி தெரியும்வரை ஊற்றினோம். கீழே குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. அப்போதுதான் கால் முளைத்திருந்த குட்டிகளை இஸ்ஸாவின் கோழிகள் நிதானமாகப் பொறுக்கித் தின்றன.

தூதா வந்து தொட்டியைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"எல்லாத்தையுமாம்மா?"

"மழைக்காகத்தாண்டி."

"நானும் மழைக்காகத்தாம்மா வெச்சிருந்தேன்."

பிறகு மண்டிபோட்டுத் தொட்டியைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, "இனிமே நீங்க குளிக்கலாம்ப்பா" என்றாள். தம்பி, நீயே சொல். இவள் சொன்னதை நாடும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை, கடைசியில் பெற்றவர்களே வாளி தூக்கினோம். ஆகையால் அவளுக்கு உன் ஊரில் ஒரு வேலை பார். தண்ணீர், தவளை இரண்டும் கண்ணில் படாத ஏதாவது அலுவலகம், சம்பளம் எதுவானாலும் சரி. ஈத்தோ உன் மனைவிக்கு ஸலாம் சொல்கிறாள். உன் வீட்டில் பரக்கத் பெருகட்டும், உன் குழாயில் தண்ணீர் நிற்காமல் வரட்டும்.

இப்படிக்கு,
குளிக்காத அண்ணன்,
பாஸ்ஸூ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. கொட்டித் தீர்த்துவிட்டது. "பாத்தீங்களா, நம்ம அகப்பைப் பொண்ணு கொண்டாந்துட்டா!" என்று இஸ்ஸா நல்ல காரியத்துக்குக் கொடுக்கும் சர்க்கரைக் கூம்போடு வந்து ஈத்தோவைக் கட்டிக்கொண்டாள். தூதா குளத்துக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். பெரிய தவளை ஒன்றாவது சேற்றுக்குள் மிச்சமிருந்தால் இந்த மழைக்குக் கத்தியே தீரும் என்றாள். நனைந்துகொண்டு நின்றோம். குளம் தளும்பியது. அதில் ஒரு குரல் இல்லை. முக்காட்டைப் பிழிந்துகொண்டே, "அடுத்த பள்ளத்தாக்குல ஒரு குளம் இருக்குப்பா" என்றாள். மேலே எழுதிய வேலை விஷயத்தை மறந்துவிடு, யாரிடமும் பேசாதே. எனக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி அனுப்பு. குழாயில் இப்போது தண்ணீர் வருகிறது, தொட்டியும் சுத்தமாக இருக்கிறது. எனக்குத்தான் அதில் இறங்க மனம் வரவில்லை.