அடி நட்டும் ஆடி மாப்பிள்ளையும்

"அத்தை, அடுப்பை அணைச்சிடுங்க" என்றான் வினோத்குமார்.

எண்ணெய்ச் சட்டியில் பாதி வெந்த வடைகள் மிதந்துகொண்டிருந்தன. மாமியார் திலகவதி வடையை ஒருமுறை பார்த்தாள், புது மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்தாள். வடை தோற்றது.

ஆடி விருந்துக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் பக்கத்து மாமனார் வீட்டுக்கு வந்து இன்றோடு மூன்று நாள். குடித்த டம்ளரைக்கூட அவனை எடுத்துவைக்க விடவில்லை. ஆனால் பேச்செல்லாம் மூத்த மாப்பிள்ளை பாண்டியனைப் பற்றித்தான். பாண்டியன் மோட்டாரைப் பிரித்தாராம், பாண்டியன் டிராக்டரை ஓட வைத்தாராம். கம்பெனியில் பாதுகாப்பு சூப்பர்வைசராக இருக்கும் வினோத்துக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்றுச் சாப்பிடும்போது மாமனார் பூவராகன், தண்ணீர் இறைக்கிற இன்ஜினின் டீசல் டேங்கில் கசடு வடிக்கும் அடி நட்டு இறுகிப்போன கதையைச் சொன்னார். பாண்டியனாலேயே கழற்ற முடியவில்லையாம்.

"டேங்க்கைக் கொண்டாரச் சொல்லுங்க மாமா. நான் கழட்டுறேன்."

காலையில் டேங்க் வாசலில் கிடந்தது. மத்தியானம் பாண்டியன் விருந்துக்கு வருவதற்குள் நட்டு வெளியே வந்தாக வேண்டும். போதாததற்கு, டேங்க் இல்லாமல் இன்ஜின் ஓடாது, நாற்றங்கால் வேறு காய்ந்து கிடக்குமே என்ற கவலை.

"டீசல் ஆவி ரொம்ப டேஞ்சர்" என்று வகுப்பெடுத்தான். பக்கத்து மூன்று வீட்டு அடுப்புகளும் அணைந்தன. செல்போன்கள் அரிசிப் பானைக்குள் போயின. மாமனாரின் பீடிக்கட்டு பறிமுதலானது. டேங்க் நிறையத் தண்ணீர் ஊற்றி ஆவியை விரட்டினான். அதுவரை எல்லாம் சட்டப்படி நடந்தது.

ஸ்பேனர் போட்டுத் திருகினான். நட்டு அசையவில்லை, அதன் முனைகள்தான் மழுங்கின. பைப் ரெஞ்சு போட்டான். அது வழுக்கி, டேங்கின் விலாவில் பள்ளம் விழுந்தது.

"வெந்நீர் ஊத்துனா இளகும். ஒரு குடம் கொதிக்கக் கொதிக்க வேணும்."

"அடுப்பை நீங்கதானே அணைக்கச் சொன்னீங்க" என்றாள் மனைவி சரண்யா.

மெயின்ரோட்டு டீக்கடையிலிருந்து வெந்நீர் வந்தது. வந்து சேர்ந்தபோது அது பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில் இருந்தது.

"அடிச்சுத்தான் எடுக்கணும். இரும்பால அடிச்சா பொறி பறக்கும். பித்தளையில எதுனா இருக்கா அத்தை?"

மாப்பிள்ளை கேட்டு இல்லை என்பதா? பூஜை அறையிலிருந்து திலகவதியின் கல்யாணச் சீர்க் குத்துவிளக்கு வந்தது. பத்தாவது அடியில் விளக்கு வளைந்தது.

"பரவால்ல மாப்ள, பழசுதான்" என்றாள் திலகவதி. கண் மட்டும் வளைந்த விளக்கிலேயே இருந்தது.

பதினைந்தாவது அடியில், சுற்றியிருந்த தகட்டையும் பெயர்த்துக்கொண்டு நட்டு வெளியே விழுந்தது. பசியோடு நின்றிருந்த தெருவே கை தட்டியது.

"பாண்டியனெல்லாம் உங்ககிட்ட வந்து கத்துக்கணும் மாப்ள" என்றார் பூவராகன்.

வினோத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று நாளில் முதல் தடவையாக அவனுக்கு நன்றாகப் பசித்தது.

அப்போது வயல் வேலை பார்க்கும் சுப்புராயன் மண்வெட்டியோடு வந்தான்.

"நாத்தங்காலுக்குத் தண்ணி பாச்சிட்டேங்க."

"டேங்க் இங்க கெடக்குது. இன்ஜின் எப்படி ஓடுச்சு?" என்றான் வினோத்.

பூவராகன் அவசரமாகக் கண்ணைக் காட்டினார். சுப்புராயன் அதைக் கவனிக்கவில்லை.

"புது டேங்க் மாட்டி ஒரு மாசமாச்சுங்களே. மாப்ள ஆசப்பட்டுக் கேட்டுட்டாருன்னு, இதைக் காலையிலதான் பழைய இரும்புக் கடையிலேர்ந்து நான் திருப்பி வாங்கியாந்தேன்."