கெட்டிக் காத்தும் பொக்குக் காத்தும்

வைகாசி பிறந்த அன்று, கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டே கோட்டைச்சாமி ஒரு சபதம் எடுத்தார். வாயில் வேப்பங்குச்சி இருந்ததால் முதல் தடவை யாருக்கும் விளங்கவில்லை. துப்பிவிட்டு மறுபடியும் எடுத்தார்.

"இந்தத் தடவை கயிறு இல்லாம போடிமெட்டு ஏறுறேன். ஏறலைன்னா இந்தக் காரை இனிமே தொட மாட்டேன். சத்தியம்!"

அவர் மனைவி பொன்னுமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எந்தக் கையால தொட மாட்டீங்க?"

"ரெண்டு கையாலயும்!"

"சரி. வெரசா குளிச்சிட்டு வாங்க, இட்லி ஆறுது."

பொன்னுமணி 'சரி' என்று சொன்னால் அதற்கு அர்த்தம் சரி என்பது அல்ல. பதினெட்டு வருசக் குடித்தனத்தில் கோட்டைச்சாமிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாததால்தான் நமக்கு இந்தக் கதை.

கோட்டைச்சாமிக்குச் சிலமலையில் தோட்டம், போடியில் வீடு, அந்த வீட்டு வாசலில் ஒரு கறுப்புக் கார். மலைமேல் எஸ்டேட் மேனேஜராக இருந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. அது சாதாரணக் கார் இல்லை. அதன் எஞ்சினில் சூப்பர் சார்ஜர் என்று ஒன்று இருந்தது. கொல்லன் உலையில் துருத்தி பார்க்கிற வேலையைத்தான் அது பார்க்கும். வெளியே இருக்கிற காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் ஊதும். எஞ்சினுக்கு வெறி பிடிக்கும். போடியில் அப்படிப்பட்ட கார் அது ஒன்றுதான். அதைப் போடி முழுக்கச் சொல்லித் திரிந்த ஆளும் அவர் ஒருவர்தான்.

ஆனால் அந்தக் காரைப் போல ஒரு மனுசனை அழவைத்த காரும் கிடையாது. ஒரு நாள் மலைப்பாதையில் பஸ்சை முந்திக்கொண்டு பறக்கும். மறுநாள் அதே ரோடு, அதே பெட்ரோல், அதே கோட்டைச்சாமி. கார் மட்டும் பிரசவ வலி வந்தது போல முனகும். ஏலக்காய் பறிக்க ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளெல்லாம் ஆரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போகும். பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவன், "தள்ளணுமாண்ணே?" என்று அக்கறையாக விசாரிப்பான்.

போன தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போனபோது ஒன்பதாவது வளைவில் கார் படுத்துவிட்டது. பின்னாலேயே ஜீப்பில் வந்தான் பொன்னுமணியின் அண்ணன் ராமர். மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறவன். எல்லையில் குடியிருப்பதால் பாதி மலையாளம் பேசுவான். "பேடிக்க வேண்டாம் மாப்ளே, பயப்படாதீக" என்று சொல்லிக் கயிற்றைக் கட்டினான். மலை உச்சியிலிருக்கிற மெட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் கிளாசோடு எழுந்து நின்று பார்த்தார்கள். அன்றிலிருந்து பெண் வீட்டு ஆட்களுக்கு அவர் 'கயித்து மாப்ளே'. சின்னப் பிள்ளைகள் 'கயித்து மாமா' என்றன. அவமானம் தாங்காமல் பொங்கலுக்கு அவர் மலைப்பக்கமே போகவில்லை.

இப்போது ராமர் புது வீடு கட்டி முடித்துவிட்டான். இந்த வைகாசியில் பால் காய்ச்சு. பொன்னுமணியின் சொந்தபந்தம் அத்தனையும் வாசலில் நிற்கும். அங்கே இன்னொரு தடவை கயிற்றில் கட்டி இழுக்கப்பட்டால் அந்தப் பேர் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிற்கும். சபதத்துக்குக் காரணம் அதுதான்.

நேரே மெக்கானிக் பிச்சைமணியிடம் போனார்.

"ஒரு நாள் போகுது, ஒரு நாள் போகமாட்டேங்குது. ஏன்டா?"

"காத்துண்ணே."

"என்னடா காத்து?"

"ஏலக்காய் அளக்குறதைப் பாத்திருக்கீங்கள்ல? படி ஒரே படிதான். கெட்டிக் காயை அளந்தா ஒரு எடை, பொக்குக் காயை அளந்தா ஒரு எடை. காத்தும் அப்படித்தான். குளுந்த காத்து கெட்டி. வெயில் ஏறிட்டா காத்து பொக்கு. துருத்தி அதே படியிலதான் அளந்து ஊதும். உள்ள சரக்கு இருந்தாத்தான எஞ்சின் இழுக்கும்?"

"அப்ப எனக்குக் கெட்டிக் காத்து வேணும்!"

"விடியக்கருக்கல்ல கிளம்புங்க. வண்டியை நெழல்ல போடுங்க. பாரத்தைக் குறைங்க. அப்புறம்..." பிச்சைமணி தலையைச் சொறிந்தான். "ஓட்டுற விதமும்னு ஒண்ணு இருக்குண்ணே."

கடைசி வாக்கியத்தைக் கேட்க கோட்டைச்சாமி அங்கே இல்லை. நிழல் தேடிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் காற்றைத் தவிர வேறு பேச்சில்லை. யாராவது "சௌக்கியமாண்ணே?" என்று கேட்டால் விரலை நக்கி மேலே தூக்கிப் பார்த்துவிட்டு, "காத்து பொக்கா இருக்கு" என்று பதில் சொன்னார். காரின் மூஞ்சியில் ஈரச் சாக்கைப் போர்த்தினார். ஐஸ் பாளம் வாங்கி வந்து எஞ்சின் மேல் வைத்தார். அது உருகி எங்கெங்கோ இறங்கி, கார் இரண்டு நாளைக்குத் தும்மிக்கொண்டே கிடந்தது. கடைசியில் வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தைக் கண்டுபிடித்தார். அது மாட்டுக்கொட்டம். செவலைப் பசுவை அவிழ்த்து வெளியே முருங்கை மரத்தில் கட்டிவிட்டு, காரைக் கூரைக்குள் விட்டார்.

பொன்னுமணி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாடு வெயில்ல நிக்குதுங்க."

"மாடு மலை ஏறப் போகுதா?"

"சரி" என்றாள்.

பால் காய்ச்சுக்கு முகூர்த்தம் காலை பத்தரைக்குள். விடியக்கருக்கலில் கிளம்பிவிட வேண்டும் என்று கோட்டைச்சாமி முதல் கோழிக்கே எழுந்து குளித்து, வேட்டி கட்டி, காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். காற்று கெட்டியாக இருந்தது. அப்படி ஒரு காற்றை அவர் வாழ்நாளில் மோந்ததில்லை.

"பொன்னுமணீ! காத்து இருக்கையில வா!"

"பால் கறக்க வேணாமா? நம்ம வீட்டுப் பால்தான் அங்க பொங்கணும்னு எங்கண்ணன் சொல்லிருக்காருல்ல."

"கற!"

"மாடு விடமாட்டேங்குது."

செவலை நாலு நாள் முருங்கையடி வெயிலில் காய்ந்த கோபத்தில் இருந்தது. கிட்டப் போனால் உதைத்தது. கோட்டைச்சாமி புண்ணாக்கு காட்டினார். தடவிக் கொடுத்தார். கடைசியில் மாட்டிடம் மன்னிப்பே கேட்டார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அதோட எடத்துல கட்டுனாத்தான் சொரக்கும்" என்றாள் பொன்னுமணி.

காரை வெளியே எடுத்தார். மாட்டை உள்ளே கட்டினார். மாடு சாவகாசமாக அசைபோட்டு, பழைய இடம்தானா என்று மோந்து பார்த்து, கன்றை நக்கிக் கொடுத்து, ஒருவழியாக இறங்கி வந்தது. அதற்குள் வெயில் நன்றாக ஏறிவிட்டது. முருங்கையடியில் நின்ற காரின் கதவைத் தொட்டால் சுட்டது. அதன் பிறகு பொன்னுமணி சீர் ஏற்றினாள். ஆளுயரக் குத்துவிளக்கு. செப்புக்குடம். ஒரு மூட்டை அரிசி. கூடைக்குள் ஒரு வெடச்சேவல். கோட்டைச்சாமி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட் தாண்டும்போது மணி எட்டேகால். முதல் வளைவில் கார் முனகியது. இரண்டாவது வளைவில் நடுங்கியது. மூன்றாவது வளைவில் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. கோட்டைச்சாமி இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார்.

"பாத்தியா? எட்டு மணிக் காத்து. பூராம் பொக்கு!"

"இப்ப என்ன செய்யலாம்?"

"காத்தை ஒண்ணும் செய்ய முடியாது. பாரத்தைக் குறைக்கணும். சேவலை எறக்கு."

"சேவல் ரெண்டு கிலோ."

"அரிசியை எறக்கு."

"புது வீட்டுக்குப் போற அரிசியை நடுரோட்டுல எறக்குவாகளா?"

"அப்ப வெளக்கு?"

"அதை எறக்கிட்டு எங்கண்ணன் வீட்டுல எதை ஏத்தி வைக்க? உங்களையா?"

"அப்ப நீ எறங்கு. பின்னால பஸ்சு வரும், அதுல வா."

பொன்னுமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் எறங்குனா நாப்பத்தஞ்சு கிலோ குறையும். நீங்க எறங்குனா?"

கோட்டைச்சாமி தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"போன மாசம் அரிசி மில்லுல தராசுல ஏறி நின்னீங்களே. கல்லு பத்தலைன்னு பக்கத்து மில்லுக்கு ஆள் போச்சே."

"அது வெளையாட்டுக்கு நின்னது!"

"பாரம் குறையணும்னா, பாரம் எங்க இருக்கோ அங்கதான குறைக்கணும்?"

அவர் பத்து நாளாக ஓதிய சாத்திரம்தான் அது.

"நான் எறங்குனா வண்டியை யாரு ஓட்டுறது? சேவலா?"

"நான் ஓட்டிப் பாக்குறேன். தோட்டத்துக்குள்ள எங்கண்ணன் ஜீப்பை ஓட்டியிருக்கேன்ல."

அன்றைக்கு முதல் தடவையாகக் கோட்டைச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே மனசுக்குள் ஒரு திட்டமும் முளைத்தது. இவள் ஓட்டட்டும். பத்தடி போய் நிற்கும். அப்புறம் ராமர் வந்து கயிறு கட்டி இழுக்கட்டும். இழுபடுவது இவள் ஓட்டிய கார்தானே? கயித்துப் பட்டம் இவள் தலைக்குப் போகும். நாம் பஸ்சில் கௌரவமாகப் போய் இறங்கி, 'நான் அப்பவே சொன்னேன்' என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம்.

"ஓட்டு தாயி! நல்லா ஓட்டு!" என்று சாவியைக் கொடுத்தார்.

"கல்லை எடுத்து விடுங்க."

எடுத்துவிட்டார். கியர் விழுகிற சத்தம் கேட்டது. எஞ்சின் ஒரு தடவை கனைத்தது. துருத்தி விசிலடித்தது. கார் வளைவில் வழுக்கிக்கொண்டு ஏறிப் போனது. பொன்னுமணி திரும்பிப் பார்க்கவில்லை. பின் சன்னல் வழியாகச் சேவல் மட்டும் பார்த்தது.

கோட்டைச்சாமி மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தார். இந்தா நின்றுவிடும் என்று நினைத்தார். நாலாவது வளைவில் சத்தம் கேட்டது. ஐந்தாவதில் கேட்டது. பிறகு தலைக்கு மேலே எங்கோ கேட்டது. பிறகு கேட்கவே இல்லை. கார் கயிறு இல்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. அவர் வேண்டிக்கொண்டதும் அதைத்தான். அது நடந்துவிடக் கூடாதே என்று இப்போது சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நடுரோட்டில் நின்றார்.

பஸ் வந்தது. கூட்டம். படிக்குப் பக்கத்தில் கண்டக்டரோடு ஒட்டி நிற்கத்தான் இடம் கிடைத்தது. எட்டாவது வளைவு தாண்டியதும் கோட்டைச்சாமி குனிந்து மேலே பார்த்தார். இரண்டு வளைவுக்கு மேலே கறுப்புக் கார், அதுவரை வழி விடாமல் போன ஒரு லோடு லாரியை முந்திக்கொண்டு போனது.

கண்டக்டரும் எட்டிப் பார்த்தான்.

"ஆகா, அந்தம்மா! இன்னைக்கும் கெளம்பிருச்சா!"

கோட்டைச்சாமிக்குப் பிடி நழுவியது.

"இன்னைக்குமா? அப்படின்னா?"

"மாசத்துல ரெண்டு மூணு தடவை பாப்பேண்ணே. முந்தல் வரைக்கும் ஒருத்தர் ஓட்டிட்டு வருவாரு. பாதி மலையாளம் பேசுவாரு. ஊருக்குள்ள தெரியக் கூடாதாம், அங்கன எறங்கி அந்தப் பக்கம் உக்காந்துக்குவாரு. அப்புறம் அந்தம்மாதான். எங்கயும் நிக்காது."

மதுரைக் கோர்ட்டில் கோட்டைச்சாமிக்கு ஒரு நிலத் தகராறு நடக்கிறது. மாதம் இரண்டு மூன்று வாய்தா விழும். காரை நம்பாமல் ரயிலில் போய்விட்டு இருட்டிய பிறகுதான் திரும்புவார். அந்த நாட்களில்தான் இந்தக் கார் மலை ஏறியிருக்கிறது.

"வெடியக்காலையில போகும். அப்பக் காத்து கெட்டி. அதனால ஏறும்" என்றார் பலவீனமாக.

"என்னண்ணே காத்து? உச்சி வெயில்லதாண்ணே போகும்! ஆள் வேற நாலு பேரு, மூட்டை வேற." கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். "ஆனா வேற ஒரு ஆளும் அந்த வண்டியை ஓட்டுவாரு. தூரத்துல வரும்போது பாத்துருக்கேன். மூஞ்சி சரியாத் தெரியாது, பெரிய உருவம். வளைவுல கியரைக் குறைக்கவே மாட்டாரு. குறைச்சா மானம் போயிரும்னு நினைப்பாரு போல. மிதிமிதின்னு மிதிப்பாரு. வண்டி என்ன செய்யும் பாவம், நின்னுரும். வெடியக்காலையில ரோடு காலியா இருக்கும்போது மட்டும் எப்படியோ தப்பிச்சு ஏறிருவாரு."

கோட்டைச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

"வண்டியில ஒரு குத்தமும் இல்லண்ணே" என்றான் கண்டக்டர். "நீங்க அந்தம்மாவுக்குத் தெரிஞ்சவுகன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த டிரைவரை மட்டும் மாத்திரச் சொல்லுங்க."

துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"மாத்திட்டாங்க தம்பி. மூணாவது வளைவுல."