நாலு விரல்கடைக் கூலர்

வீடு என்றால் ஆயிரம் வேலை இருக்கும். அதில் ஒன்றுகூடத் தன் காதில் விழாமல் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர் பிளான்காரர். வீட்டிலேயே உட்கார்ந்து கட்டிட வரைபடம் போடுகிறவர். அவரைக் காப்பாற்றி வந்தது பழைய கம்ப்யூட்டர். அதைப் போட்டால் மாவு மில் தோற்றுவிடும். அடுப்படியிலிருந்து மனைவி எதைச் சொன்னாலும், "இந்தச் சத்தத்துல கேக்கலம்மா" என்பார். மனுஷனுக்கு வேறென்ன நிம்மதி வேண்டும்.

மனைவி டீச்சர். கரும்பலகையைப் பார்த்தபடியே, கடைசி பெஞ்சில் முணுமுணுக்கிறவனைப் பேர் சொல்லி எழுப்புகிற காது அவளுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நிதானமாகச் சொன்னாள். "இந்தப் பூதத்தைத் தலை முழுகிட்டு சின்னதா ஒண்ணு பண்ணிக்கோங்க. புத்தக அலமாரியில அடங்கணும். சத்தம் கூடாது."

பிளான்காரர் கணக்குப் போட்டார். சத்தம் போனால் நிம்மதி போச்சு. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டார். பெட்டி சின்னதென்றால், உள்ளே சூட்டைத் தணிக்கிற கூலரும் குட்டையாக இருக்க வேண்டும். நாலு விரல்கடைக்கு மேல் போனால் மூடியைச் சாத்த முடியாது. குட்டைக் கூலருக்குக் குட்டி விசிறி. அது தலைதெறிக்கச் சுற்றினால்தான் சூடு இறங்கும். அப்படிச் சுற்றினால் கத்தும். அவளுக்குச் சின்னப் பெட்டி, தனக்குச் சத்தம். பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக் கூடாது.

செய்த தப்பு ஒன்றுதான். ஊரில் வேறு கடையே இல்லாத மாதிரி மச்சினன் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்.

"இருக்கிறதிலயே ரொம்பக் கத்துற கூலர் எது மாப்ள?"

"எல்லாரும் கத்தாததைத்தானே கேப்பாங்க மாமா."

"சத்தம் இருந்தாத்தான் எனக்குக் கோடு நேரா விழும். அக்காகிட்ட சொல்லாதே."

"சே, நான் ஏன் சொல்லப்போறேன்" என்றான் மச்சினன்.

புதுப் பெட்டி வந்து அலமாரியில் கச்சிதமாக உட்கார்ந்தது. பிளான்காரர் பயபக்தியோடு பட்டனை அழுத்தினார். விளக்கு வந்தது. திரை வந்தது. சத்தம் வரவில்லை. காதை ஒட்டவைத்துக் கேட்டார். கொசு பாடுகிற அளவுக்குக்கூட இல்லை.

"விசிறி ஓடலையே" என்றார், பரிதாபமாக.

"ஓடுதுங்க" என்றாள் மனைவி. "தட்டையா, அகலமா, பெரிய விசிறி வெச்ச கூலர். உயரம்தானே நாலு விரல்கடை? அகலத்துக்கு யார் தடை சொன்னா? மெதுவா சுத்தினாலே போதுமாம். நான்தான் தம்பிகிட்ட மாத்தச் சொன்னேன்."

"அவன் சொல்லிட்டானா?"

"அவன் வேற சொல்லணுமாக்கும். வெங்காயம் நறுக்குங்கன்னா கேக்காது, காப்பி ஆறுதுன்னா மட்டும் கேக்கும். எனக்கு என்னைக்கோ தெரியும்."

அவள் அடுப்படிக்குப் போனாள். வீடு அப்படியொரு அமைதி. பிளான்காரருக்கு அழுகையே வரும்போல இருந்தது.

"என்னங்க, குழாய் ஒழுகுது."

அவர் திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. மிச்சமிருந்த ஒரே வழியையும் பார்த்துவிட்டார். "கொஞ்ச நாளா எனக்குக் காதே மந்தமா இருக்கும்மா. நீ சொல்றது எதுவும் விளங்கல."

டீச்சர் கடைசி பெஞ்சுக்காரன் மாதிரி தனக்குள் முணுமுணுத்தாள். "பாவம், காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். காதுக்குள்ளயே ஊசி போடுவாராம்."

"ஊசியா?" என்றார் பிளான்காரர்.

"வாங்க. ஸ்பேனர் இங்கதான் இருக்கு."